எழவு வீட்டு மிட்டாய்

நேராக வீட்டுக்குப் போகாதே என்று ஃபாங் அக்காவின் தங்கச்சி ஆ லிங் சொல்லி அனுப்பினாள். நேராக வீட்டுக்கு வந்துவிடு, நடுவில் எங்கேயும் நிற்காதே என்று புருஷன் சபரி காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தான். இந்த ரெண்டில் எதைக் கேட்டால் வயிற்றில் இருப்பது தங்கும்? மெட்ரோவில் கதவோரத்து இருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த கோகிலவாணிக்கு வேறு கேள்வியே இல்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியும் ஓர் இடத்தில் நிற்கமாட்டேன் என்றது. ரயில் ஆடும்போதெல்லாம் தானும் ஆடி வேறு எதன் மீதாவது போய் முட்டிக்கொண்டது. மடியில் ஒரு வெள்ளை உறை. அதற்குள் ஒரு மிட்டாய், ஒரு யுவான் நாணயம், மடித்து வைத்த டிஷ்யூ பேப்பர். வந்தவர்களுக்கெல்லாம் வாசலில் நின்று ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள், நம் ஊர்க் கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுக்கிற மாதிரி. மிட்டாயை வழியிலேயே தின்றுவிட வேண்டுமாம். காசை வழியிலேயே செலவழித்துவிட வேண்டுமாம். பேப்பரில் முகத்தைத் துடைத்து வழியிலேயே எறிந்துவிட வேண்டுமாம். எதுவும் வீட்டு வாசல் ஏறக் கூடாது, அதோடு நாலு ஜனம் நடமாடுகிற இடமாகப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீடு போக வேண்டும். ஆ லிங் இவ்வளவையும் வாயால் சொல்லி, கையால் காட்டி, போதாததற்குப் போனில் மொழிபெயர்த்தும் காட்டினாள். புரியாமல் எல்லாம் இல்லை, நன்றாகவே புரிந்தது, புரிந்ததுதான் வினை. எழவு வீட்டில் மிட்டாய் கொடுக்கிற ஊர் எந்த ஊர்? சீனாவில் இருக்கிற இந்த குவாங்சோதான், வேறெது. கரூரில் எழவு வீட்டில் பச்சைத் தண்ணி குடிப்பதற்கே யோசிப்பார்கள். என்ன எழவு வழக்கமோ என்று மனசுக்குள் சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். போனது ஃபாங் அக்கா அல்லவா.

ஃபாங் அக்காவின் உதட்டில் லிப்ஸ்டிக் போட்டு வைத்திருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள், ரோஸ் கலரில், வாயை அழகாக மூடி. அந்த வாய் என்றைக்கு மூடியிருந்தது? கோகிலா குடியிருக்கிற கட்டடத்தின் கீழே ஃபாங் அக்காவுக்குச் சின்ன டிபன் கடை. தகரத் தட்டில் அரிசி மாவை மெல்லிசாக ஊற்றி, ஆவியில் வைத்து, வெந்ததும் கரண்டியால் வழித்துச் சுருட்டிப் போடுகிற கடை. வந்த புதிதில் அந்தத் தட்டையும் ஆவியையும் பார்த்ததும் கோகிலாவுக்கு ஐயோ நம்ம அரிசி மாவு என்று கண் கலங்கிவிட்டது. கறி வேண்டாம் என்று கையாட்டினாள். அக்கா முட்டையைக் காட்டினாள், சரி என்றாள், அதோடு தோஸ்த்தாகிவிட்டார்கள். சபரிக்கு ஏற்றுமதிக்கு ஜவுளி வாங்கிக் கொடுக்கிற ஆபீஸில் வேலை. காலையில் போனால் இருட்டித்தான் வருவான். பகல் முழுக்க கோகிலாவுக்கு அந்தக் கடை ஸ்டூல்தான் கதி. போன மாதம் ஒருநாள் அக்கா சோயா சாஸ் பாட்டிலைத் திறந்ததும் கோகிலா வாயைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினாள். திரும்பி வந்தால், மேஜையில் வைத்திருந்த குளிர்ந்த பார்லித் தண்ணியைக் காணோம். அதே இடத்தில் ஒரு டம்ளர் வெந்நீர். அக்கா அவள் வயிற்றைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு உதட்டில் விரலை வைத்து ஸ்ஸ் என்றாள். மூணு மாதம் தாண்டாமல் வெளியே சொல்லக் கூடாது என்பது இங்கேயும் உண்டாம். சபரிக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஃபாங் அக்கா. மாவு கலக்கிக்கொண்டே இருந்தவள், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாளாம், தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டதாம், அவ்வளவுதான். நாற்பத்தாறு வயசு சாகிற வயசா? பிள்ளைத்தாச்சி எழவுக்குப் போகக் கூடாது என்று கரூரிலும் சொல்வார்கள், இங்கேயும் சொல்வார்கள். ரெண்டு ஊரும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான், அதைத்தான் முதலில் மீறித் தொலைத்திருக்கிறாள். போகாமல் எப்படி இருப்பது? போகவில்லை என்றால் ஏன் என்று சபரி கேட்பான், ஏன் என்று சொன்னால் விஷயம் வெளியே வரும். அதைவிட, போகாமல் இருந்தால் அக்கா முகத்தை எப்போது பார்ப்பது? மூணு தரம் குனிந்து கும்பிடச் சொன்னார்கள், குனிந்தாள். பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார்கள், சுற்றினாள். மைக்கில் யாரோ ஒருவர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். கரூராக இருந்தால் உள்ளே நுழைந்ததும் நாலு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், அழுகை தன்னால் வரும். இங்கே யாரைக் கட்டிப்பிடிப்பது என்று தெரியாததால் கோகிலாவுக்கு அழுகையே வரவில்லை. டிஷ்யூ பேப்பர் கொடுத்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

போன் அதிர்ந்தது. சபரியின் குரல் பதிவு. காதோரம் வைத்துக் கேட்டாள். "ஏம்புள்ள, ரயில் ஏறிட்டியா? ஹீட்டர் போட்டுட்டேன், தண்ணி காஞ்சிட்டிருக்கு. லிஃப்டுகிட்டயே பக்கெட்ல தண்ணி வெச்சிருக்கேன். கால்ல ஊத்திட்டு எதையும் தொடாம நேரா பாத்ரூமுக்குப் போயிரு. என்னையும் தொட்றாத. தலைக்குக் குளிக்கோணும், மறந்தராத." பதினாலாவது மாடியில், வழவழவென்று டைல்ஸ் போட்ட வராந்தாவில், லிஃப்டு வாசலில் பக்கெட்டு! எதிர்வீட்டு மனுஷி வழுக்கி விழுந்தால் போலீஸ்தான் வரும். சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் பயமாக மாறியது. சபரி சொன்னதில் தப்பில்லை. குளிக்காமல் ஒரு பொருளையும் தொடக் கூடாதுதான். ஆனால் ஆ லிங் சொன்னதையும் தட்டிவிட முடியுமா? செத்தவர் ஊர் இது, செத்தவர் ஊர் வழக்கம் அது. நம் ஊர்க் கணக்கில், வழியில் எங்காவது நின்றால் தீட்டு ஒட்டிக்கொண்டு வரும். இவர்கள் கணக்கில், நேராகப் போனால் போனவர் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுவார். ஒட்டுவதும் பின்னால் வருவதும் ஒன்றா, வேறா? ஃபாங் அக்கா எந்தக் கணக்குப்படி நடப்பாள்? அவளுக்குத் தமிழ் தெரியாது. கோகிலா சொல்லிக் கொடுத்ததில் நின்றது "போதும்" என்ற ஒரே வார்த்தை. அதையும் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே இன்னொரு சுருளைத் தட்டில் போடுவாள். அட, அவள் பின்னால் வந்தால்தான் என்ன? வந்து வெந்நீர் குடித்தாயா என்று கேட்பாள், வேறென்ன செய்துவிடுவாள்? இல்லை, இப்படி நினைப்பதே தப்பாகிவிடுமோ. தப்பு எங்கே இருக்கிறது என்று கோகிலாவுக்கு முன்கூட்டித் தெரிந்ததே கிடையாது. முதல் தடவை கலைந்தபோது ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். அன்னாசிப்பழம் தின்றாய் என்றார்கள், பைபாஸில் ஸ்கூட்டர் ஓட்டினாய் என்றார்கள். சபரியின் அக்கா சொன்னதுதான் மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அந்த அண்ணி வீட்டில் சேலைத் தொட்டில் தொங்கிக்கொண்டிருந்தது, குழந்தை வெளியே விளையாடப் போயிருந்தது. பேச்சு வாக்கில் கோகிலாவின் கை தொட்டிலை ஆட்டிவிட்டது. அண்ணி கையைப் பட்டென்று தட்டினாள். "வெறுந்தொட்டில ஆட்டாத புள்ள, ஆகாது." அடுத்த வாரமே போய்விட்டது. ரெண்டாவது தடவை எதையும் ஆட்டவில்லை, எதையும் தின்னவில்லை, ஸ்கூட்டரைத் தொடக்கூட இல்லை, நடக்கும்போது கூடத் தரையைப் பார்த்தே நடந்தாள். அதுவும் போனது. அப்படியானால் தொட்டில் காரணமில்லை என்று நினைக்க வேண்டியதுதானே? மனசு அப்படி நினைக்காது. தெரியாமல் எதையோ செய்திருக்கிறாய் என்றுதான் சொல்லும். முதல் தடவை சபரி சந்தோஷம் தாங்காமல் கரூர் முழுக்கப் போன் போட்டான், பிறகு அத்தனை பேருக்கும் மறுபடியும் போன் போட்டான். அந்த ரெண்டாவது சுற்றுப் போனை இன்னொரு தடவை அவன் போடக் கூடாது, அதற்காகத்தான் இந்த வாய்ப்பூட்டு.

எதிர்வரிசையில் யாரோ தன்னையே பார்ப்பது போலிருந்தது. நிமிர்ந்தால், தெருமுனைச் சாவிக்கடைக்காரரும் அவர் பெண்டாட்டியும். ஃபாங் அக்கா கடைக்குத் தினம் வருகிறவர்கள். மண்டபத்தில் பின்வரிசையில் நின்றதைக் கோகிலா பார்த்திருந்தாள். அந்தம்மாள் கன்னத்தில் எதையோ அதக்கிக்கொண்டிருந்தாள். மிட்டாய்தான். துக்கத்துக்குப் போய்விட்டு வருகிற முகத்தில் ஒரு கன்னம் மட்டும் புடைத்திருந்தது, பல் வலிக்காரி மாதிரி. அவள் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "தின்னுட்டியா?" என்று கேட்டாள். இந்த ஊரில் எல்லாப் பேச்சும் தின்றாயா என்றுதான் தொடங்கும், இன்றைக்கு அது மிட்டாயைப் பற்றி. இல்லை என்று கோகிலா தலையாட்டினாள். அந்தம்மாளின் கண் கீழே இறங்கி, கோகிலாவின் சுடிதார் ஓரத்தில் நின்றது. அங்கே சிவப்புத் துணி நாடா ஒன்று நுனி நீட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்குள் நுழையும் முன்னால் ஆ லிங் அவளை ஓரமாக இழுத்துப் போய்ச் சட்டையைத் தூக்கச் சொல்லி இடுப்பைச் சுற்றிக் கட்டிய நாடா. அதுவும் ஒரு வழக்கம் போலிருக்கிறது, எல்லோருக்கும் கட்டுவார்கள் என்று நினைத்துத்தான் கோகிலா நின்றுகொடுத்தாள். அந்தம்மாள் முகம் மலர்ந்தது. "அடேயப்பா! சந்தோஷம், சந்தோஷம்!" என்று சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவளாகத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். "உங்களுக்கு? கட்டலையா?" என்று கோகிலா தன் அரைகுறைச் சீனத்தில் கேட்டாள். அந்தம்மாள் சிரித்து, "எனக்கு எதுக்கு? எனக்குப் பேரனே இருக்கான். வயித்துல புள்ளையோட வர்றவளுக்குத்தான் சிவப்புக் கட்டுவாங்க. எந்தக் கெட்டதும் கிட்ட வராது," என்றாள். சாவிக்கடைக்காரர் எதுவும் கேட்காத மாதிரி ஜன்னலில் தெரிந்த இருட்டைப் பார்த்தார். ஆக, ஆ லிங்குக்குத் தெரிந்திருக்கிறது. ஆ லிங்குக்கு யார் சொல்லியிருப்பார்கள்? உதட்டில் விரல் வைத்து ஸ்ஸ் என்ற அதே வாய். பாவி அக்கா! மூணு மாதம் முடியாமல் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிவிட்டு, நீ உன் தங்கச்சியிடம் சொல்லி வைத்தாயா? கோபம் முட்டிக்கொண்டு வந்தது. அய்யோ வெளியே போய்விட்டதே, கண் பட்டுவிடுமே என்று பயம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது, அதற்குப் பேர் தெரியவில்லை. அக்கா என்னவென்று சொல்லியிருப்பாள்? மேலே நம்ம இந்தியாக்காரி இருக்கிறாளே, அவளுக்கு ஆகியிருக்கிறது, பாவம் தனியாக இருக்கிறாள், பார்த்துக்கொள் என்றா? அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அக்காளைப் பறிகொடுத்த ஆ லிங், அவ்வளவு ஜனத்துக்கு நடுவில், அழுது வீங்கிய கண்ணோடு, ஒரு வெளிநாட்டுக்காரி இடுப்புக்கு நாடா தேடிக்கொண்டிருப்பாளா? கோகிலா அந்த நாடாவை விரலால் தடவினாள். முடிச்சு இறுக்கமாகத்தான் இருந்தது.

"நேரா வீட்டுக்கா?" என்று அந்தம்மாள் கேட்டாள். கோகிலா ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் தலையை ஆட்டினாள். அது நம் ஊரில் மட்டும் செல்லுபடியாகிற தலையாட்டல். அந்தம்மாள் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு, அடுத்து வந்த ஸ்டேஷனில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். மேலே ஏறியதும், "நாங்க டீக்கடைக்குப் போறோம், நீ நல்லா சுத்திட்டுப் போ," என்று கையாட்டிவிட்டுப் புருஷனோடு கூட்டத்தில் கலந்துவிட்டாள். கோகிலாவுக்கு இது எந்த இடம் என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இடித்துக்கொண்டு போனது. எந்தப் பக்கம் திரும்பினாலும் போர்டு, எந்த போர்டிலும் தெரிந்த எழுத்து ஒன்றில்லை. சரி, நின்றது நின்றாகிவிட்டது, சபரியின் கணக்கு தப்பிவிட்டது. இனி ஆ லிங்கின் கணக்கையாவது சரியாக முடித்துவிட வேண்டும். ரெண்டும் அரைகுறையாகப் போனால் அது எல்லாவற்றையும் விட மோசம். முதலில் காசு. பழக்கடையில் ஒரு வாழைப்பழத்தைத் தொட்டுக் காட்டி, உறைக்குள் கையை விட்டாள். கடைக்காரர் வெள்ளை உறையைப் பார்த்ததும் பழத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டு, போ போ என்று கையை உதறினார். அட மண்டு, எழவு உறையோடா எடுத்து நீட்டுவார்கள்? காசை உள்ளங்கையில் வைத்து மூடி, உறையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டாள். அடுத்தது ஆவியில் பன் வேகவைத்து விற்கிற கடை. காசை நீட்டினாள். அந்தப் பெண் அதை ஏதோ பழைய காலத்துச் சாமானைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஒட்டியிருந்த கட்டம் போட்ட அட்டையைக் காட்டினாள். போனில் ஸ்கேன் பண்ணு. கூல்டிரிங்க்ஸ் மெஷினில் துளையே இல்லை, அங்கேயும் கட்டம்தான். கண் தெரியாமல் பிடில் வாசித்துக்கொண்டிருந்த ஒரு மனுஷர் கழுத்திலும் அதே அட்டை தொங்கியது. அவர் டப்பாவில் போட்டுவிடலாம் என்று குனிந்தவள், எழவுக் காசை ஒரு பாவப்பட்டவர் தலையில் கட்டுவதா என்று நிமிர்ந்துவிட்டாள். இவ்வளவு பெரிய ஊரில் ஒரு காசை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் இல்லை. காசே ஒழிந்துபோன ஊரில் காசைச் செலவழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒரு சாஸ்திரம்! யாரிடம் போய் முறையிடுவது? உள்ளங்கை வியர்வையில் காசு வழுக்கியது. போன் மறுபடி அதிர்ந்தது, எடுக்கவில்லை. எடுத்தால் எங்கே என்று கேட்பான்.

ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில்தான் அந்தத் துளையைப் பார்த்தாள். காசு போடுகிற துளை, நிஜத் துளை. பார்த்த வேகத்தில் காசைத் திணித்துவிட்டாள். உள்ளே போய் டிங் என்றது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் காதைக் கிழிக்கிற மாதிரி குழந்தைப் பாட்டு ஒன்று கிளம்பியது, பக்கத்தில் ஒரு பெரிய மஞ்சள் வாத்து ஆடத் தொடங்கியது. குழந்தைகளை உட்காரவைத்து ஆட்டுகிற பிளாஸ்டிக் வாத்து. முதுகில் பள்ளமாக இருக்கை, பிடித்துக்கொள்ள இருபுறமும் கைப்பிடி. முன்னால் போய்ப் பின்னால் வந்து, முன்னால் போய்ப் பின்னால் வந்து, இருக்கையில் யாருமில்லாமல் ஆடியது. வெறுந்தொட்டில். அட கடவுளே, வெறுந்தொட்டிலை ஆட்டிவிட்டேனே! அதுவும் சாவுக்காசைப் போட்டு, என் கையாலேயே, இந்த நாளில். அண்ணி தட்டிய இடம் இப்போது தட்டிய மாதிரி எரிந்தது. ரெண்டு கையாலும் வாத்தின் கழுத்தைக் கட்டிப்பிடித்து நிறுத்தப் பார்த்தாள், அது அவளையும் சேர்த்து ஆட்டியது. நிறுத்துகிற பொத்தானைக் காணோம். குழந்தை ஏதாவது பக்கத்தில் நிற்கிறதா, தூக்கி உட்காரவைத்துவிடலாமா என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். எல்லாக் குழந்தையும் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டு ஓடியது. வெறும் இருக்கை முன்னால் போய்ப் பின்னால் வந்தது. அப்போதுதான் கோகிலா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, காலைத் தூக்கிப் போட்டு, அந்த வாத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் ரெண்டும் மோவாய்க்கு வந்துவிட்டது. உள்ளேயிருந்து ஒரு கடைக்காரப் பெண் ஓடிவந்து, "பெரியவங்க உக்காரக் கூடாது, இறங்கு, இறங்கு!" என்று கத்தினாள். "நானில்ல," என்றாள் கோகிலா. சீனத்தில்தான் சொன்னாள், தன்னைக் காட்டிக் கையை ஆட்டி மறுத்து, பிறகு அந்தக் கையை வயிற்றில் வைத்தாள். "நானில்ல. இது. இது உக்காந்திருக்கு." கடைக்காரப் பெண் வயிற்றைப் பார்த்தாள், தொங்கிய சிவப்பு நாடாவைப் பார்த்தாள், பக்கத்தில் வந்து வாத்தின் வாலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள், கவிழ்ந்துவிடக் கூடாதே என்று.

வாத்து ஆடிக்கொண்டிருக்கும்போதே கோகிலா மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டாள். சாதாரண மிட்டாய்தான், பால் வாசனை. அது கரைந்து தொண்டையில் இறங்கியதும், காலையிலிருந்து வராத அழுகை மொத்தமாக வந்தது. அக்கா, உன் காசுதானே இது. பிறக்கிறதுக்கு முன்னாலேயே வாத்து மேல் ஏற்றிவிட்டாயே, போதும் அக்கா, போதும். டிஷ்யூ பேப்பர் நனைந்து நாராகிவிட்டது. போன் மறுபடி அடித்தது, இந்தத் தடவை எடுத்தாள். "எங்க இருக்கிற? தண்ணி ஆறுது, மறுபடியும் சுட வெக்கோணும். அதென்ன பாட்டு? ஏம்புள்ள, அழுவறியா?" என்றான் சபரி. "ஏனுங்க," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நான் நேரா வரலீங்க. எழவு வீட்டு மிட்டாயைத் தின்னுட்டேன். நான் உண்டாயிருக்கேனுங்க. உங்ககிட்டச் சொல்லல. இது மூணாவது மாசம்." பாட்டு நின்றது, வாத்தும் நின்றது. போனில் அந்தப் பக்கம் பக்கெட்டு எதன் மீதோ இடிபட்டுத் தண்ணி கொட்டுகிற சத்தம், செருப்பு மாட்டுகிற சத்தம், லிஃப்டுப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிற சத்தம். "அங்கயே இரு. நகராத. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றான். "குளிக்கலீங்களே, எப்பிடித் தொடுவீங்க?" "அதெல்லாம் இருக்கட்டும் புள்ள. எந்த இடம், சொல்லு." கோகிலா தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தாள். கடை போர்டு, பஸ் போர்டு, தெரு போர்டு, எதிலும் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. "தெரியலீங்க," என்றாள். "ஒரு மஞ்சள் வாத்து இருக்குதுங்க. அது மேலதான் உக்காந்திருக்கோம்."